டேட்டிங் ஆப்பும் நம் வீடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"ஆப்பில் பார்த்துப் பழகினோம்" என்று மகனோ மகளோ சொன்னதும் வீட்டில் கிளம்பும் கேள்விகள் இவை. பெற்றோர் கேட்பவையும் பிள்ளைகள் கேட்பவையும் கலந்தே இருக்கின்றன. பதில்களில் என் கருத்தும் இருக்கிறது. ஆப்பைவிட, அதைப் பற்றி வீட்டில் வாய் திறக்க முடியாத நிலைதான் நம் பிள்ளைகளுக்கு அதிக ஆபத்தைக் கொண்டுவருகிறது என்று நான் நினைக்கிறேன்.

மேட்ரிமோனி என்றால் சரி, டேட்டிங் ஆப் என்றால் தப்பா? இரண்டும் ஒன்றுதானே?

முன்பின் தெரியாத ஒருவர் திரையில் வருகிறார்; போட்டோ, வயது, படிப்பு, ஊர் தெரிகிறது; பிடித்தால் பேச்சு தொடங்குகிறது. இதுவரை இரண்டும் ஒன்றுதான். யார் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதில்தான் பிரிகின்றன. மேட்ரிமோனிக் கணக்கை அப்பாவோ அக்காவோ சித்தப்பாவோ நடத்துவது சகஜம். நட்சத்திரம், கோத்திரம், சம்பளம் எல்லாம் முதல் பக்கத்திலேயே இருக்கும். முதல் போன் பெரும்பாலும் பெரியவர்களுக்கு இடையில்தான். டேட்டிங் ஆப்பில் சம்பந்தப்பட்ட இருவர் மட்டுமே. கல்யாணம்தான் முடிவு என்று யாரும் முன்கூட்டியே எழுதி வைப்பதில்லை.

இந்தக் கோட்டை அரசும் போட்டிருக்கிறது. 2016 ஜூனில் மத்திய அரசு திருமணத் தகவல் இணையதளங்களுக்கு வெளியிட்ட அறிவுரை, 'இது திருமணத்துக்கு மட்டுமே, டேட்டிங் தளம் அல்ல' என்று அவை அறிவிக்க வேண்டும் என்றது. காகிதத்தில் கோடு தெளிவு. வாழ்க்கையில் அது எப்போதோ கலங்கிவிட்டது. மேட்ரிமோனியில் பார்த்தவர்கள் பல மாதம் தனியாகச் சந்தித்துப் பேசிய பிறகே சம்மதம் சொல்கிறார்கள். டேட்டிங் ஆப்பில் சேர்பவர்களில் கல்யாணத்துக்காகவே தேடுகிறவர்கள் நிறையப் பேர். 2014-இல் தொடங்கிய ஐல் என்ற இந்திய ஆப் அவர்களை நம்பித்தான் வந்தது. அதே நிறுவனம் பிறகு மலையாளிகளுக்கு 'அரிகே', தமிழர்களுக்கு 'அன்பே' என்று தனித்தனி ஆப்களும் கொண்டுவந்தது.

நம் ஊரில் இது எப்படி ஆரம்பித்தது?

டிண்டர் என்ற டேட்டிங் ஆப்பிலிருந்து ஆரம்பிக்கவில்லை. 'மணமகள் தேவை' என்று ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் பெட்டி எண்ணோடு விளம்பரம் கொடுத்த காலத்திலேயே, தெரியாத குடும்பத்துக்குக் கடிதம் எழுதிச் சம்பந்தம் பேச நாம் பழகிவிட்டோம். அதற்கு முன் தரகரும் அத்தைமார்களும் செய்த வேலை அது.

அடுத்த கட்டத்தைத் தொடங்கிவைத்தவர் ஒரு தமிழர். அமெரிக்காவில் மென்பொருள் துறையில் இருந்த முருகவேல் ஜானகிராமன் 1997-இல் தமிழர்களுக்காக ஒரு சமூக இணையதளம் நடத்தினார். அதில் பண்டிகை நாள்காட்டி, செய்தி எல்லாம் இருந்தும் மக்கள் மொய்த்தது வரன் பகுதியில். அதுவே பாரத் மேட்ரிமோனியாக வளர்ந்து சென்னையில் வேரூன்றி, 2017-இல் பங்குச்சந்தைக்கும் போனது. அவருக்கும் மனைவி அமைந்தது அந்தத் தளத்தின் வழியாகத்தான். தொடக்கத்தில் 'நெட்டில் பொண்ணு பார்ப்பதா' என்று முகம் சுளித்த வீடுகளே சில ஆண்டுகளில் அப்பாவின் செல்பேசியில் மேட்ரிமோனி ஆப்பை ஏற்றிக்கொண்டன. திரையில் வரும் அந்நியரைக் குடும்பம் நம்பக் கற்றுக்கொண்டது அப்போதுதான். டேட்டிங் ஆப் பின்னால் வந்து அதே வாசல் வழியாக நுழைந்தது.

மற்ற காரணங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. 2016-இல் ஜியோ வந்து இணையம் மலிவானது. பெண்கள் படித்து, வேலைக்காக ஊர்விட்டு ஊர் போனார்கள். 2021-22 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம். நாட்டின் சராசரி 28.4. திருநெல்வேலியிலிருந்து சென்னை ஓ.எம்.ஆருக்கு வந்து விடுதியில் தங்கும் பெண்ணுக்கு அங்கே அத்தையும் இல்லை, தரகரும் இல்லை.

வெளிநாட்டில் இதை ஆரம்பத்திலிருந்தே சாதாரணமாக எடுத்துக்கொண்டார்களா?

இல்லை. அமெரிக்காவில் மேட்ச்.காம் என்ற துணை தேடும் தளம் 1995-இலேயே வந்துவிட்டது. ஆனால் 'வேறு வழியில்லாதவர்கள் போகும் இடம்' என்ற பேச்சு அங்கும் நெடுநாள் ஓடியது. பியூ ஆய்வு மையம் 2005-இல் கேட்டபோது, இணையத்தில் துணை தேடுபவர்கள் கதியற்றவர்கள் என்று 29 சதவீதம் பேர் சொன்னார்கள். 2013-இல் அது 21 ஆனது. ஆட்களைச் சந்திக்க இது நல்ல வழி என்றவர்கள் அதே காலத்தில் 44-லிருந்து 59 சதவீதமாக உயர்ந்தார்கள்.

பேச்சைவிட வேகமாக நடத்தை மாறியது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ரோசன்ஃபெல்டும் உடன் ஆய்வாளர்களும் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், 2017-இல் சேர்ந்த ஆண்-பெண் இணைகளில் ஏறத்தாழ 39 சதவீதம் பேர் இணையத்தில் சந்தித்தவர்கள். நண்பர்கள் அறிமுகம் செய்துவைப்பது அதற்குக் கீழே போய்விட்டது. 'அவங்க ஊர் கலாச்சாரம் வேற' என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அவர்களும் வெட்கப்பட்டு, மறைத்து, பிறகு மெல்லப் பழகியவர்கள்தான்.

தமிழ்நாட்டில் மனநிலை நிஜமாகவே மாறிவிட்டதா, அல்லது சென்னை ஐ.டி. பையன்களின் கதையா?

2018-இல் ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் நடந்த நாடு தழுவிய ஆய்வில், திருமணமானவர்களில் 93 சதவீதம் பேர் பெற்றோர் பார்த்து நடத்திய திருமணம் என்றார்கள். காதல் திருமணம் 3 சதவீதம். ஆகவே நாடே மாறிவிட்டது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சென்னை, கோவை, பெங்களூரு போன்ற ஊர்களில், முப்பதை ஒட்டிய வயதில், சொந்தச் சம்பளம் வாங்குகிறவர்களிடம் மாற்றம் கண்கூடு. தாலுகா ஊர்களில் ஆப் இருக்கிறது. ஆனால் போட்டோ இருக்காது, பெயர் வேறாக இருக்கும், தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடுமோ என்ற பயம் இருக்கும்.

என் கணிப்பில் நாம் முடிவை ஏற்றுக்கொண்டிருக்கிறோம். வழியை இன்னும் ஏற்கவில்லை. பழகியது கல்யாணத்தில் முடிந்தால் 'நல்ல ஜோடி, தாங்களே பார்த்துக்கிட்டாங்க' என்று வரவேற்பு மேடையில் பெருமையாகப் பேசுகிறோம். அதே இருவர் ஆறு மாதம் பேசிப் பார்த்துவிட்டு ஒத்துவராது என்று மரியாதையாகப் பிரிந்தால், அது ஒழுக்கப் பிரச்சினை ஆகிவிடுகிறது. பெண் பார்த்துவிட்டு 'ஊருக்குப் போய்க் கடிதம் போடுறோம்' என்று சொல்லி, பிறகு பேசாமலே விட்டுவிடும் பழக்கத்தைத் தலைமுறை தலைமுறையாகப் பொறுத்துக்கொண்ட சமூகம் நாம். நேருக்கு நேர் பேசி வேண்டாம் என்று சொல்லும் பிள்ளைகளை மட்டும் ஏன் பழிக்க வேண்டும்?

கல்யாணம் முடிவான பிறகும் 'பொதுவான ஃப்ரெண்டு மூலமா தெரியும்' என்றே சொல்கிறார்களே, ஏன்?

உறவினர் கூட்டத்தில் முதல் கேள்வியே 'எப்படித் தெரியும்?' என்பதுதான். ஆபீஸ் என்றால் கௌரவம், கல்லூரி என்றால் பரவாயில்லை, ஆப் என்றால் மாமாவின் புருவம் உயர்கிறது. பெற்றோரே இந்தக் கதையைக் கட்டிக் கொடுப்பதும் உண்டு. அவர்களுக்குத் தெரியும், ஒப்புக்கொண்டும் விட்டார்கள். சம்பந்தி வீட்டாருக்கும் ஊருக்கும் மட்டும் வேறு கதை.

சின்னப் பொய்தானே என்று தோன்றும். ஆனால் இப்படி நன்றாக அமைந்த ஒவ்வொரு வீடும் மறைப்பதால், ஊர்க் காதில் விழுவதெல்லாம் ஏமாந்த கதைகள் மட்டுமே. 'ஆப்பில் பார்த்தவர்கள் யாரும் உருப்பட்டதில்லை' என்ற எண்ணம் அப்படித்தான் நிலைக்கிறது.

பையன் ஆப்பில் இருந்தால் 'வயசு', பொண்ணு இருந்தால் மட்டும் 'இப்படிப்பட்டவள்' என்று பேசுகிறார்களே?

இதுதான் எனக்கு அதிகம் கோபம் வரும் இடம். இந்திய டேட்டிங் ஆப்களில் ஆண்கள் மிக அதிகம், பெண்கள் குறைவு. பெண்கள் தயங்குவதற்குப் பாதிக் காரணம் இந்தப் பேச்சு. மறுபாதி, உள்ளே வந்தபின் அனுபவிப்பது. அமெரிக்காவில் பியூ 2019-இல் எடுத்த ஆய்வில், ஆப் பயன்படுத்திய 18 முதல் 34 வயதுப் பெண்களில் 60 சதவீதம் பேர், விருப்பமில்லை என்று சொன்ன பிறகும் ஒருவர் விடாமல் தொடர்புகொண்டதாகச் சொன்னார்கள். கேட்காமலேயே ஆபாசச் செய்தியோ படமோ வந்தது என்றவர்கள் 57 சதவீதம். நம் ஊர்ப் பெண்ணுக்கு இதற்கு மேல் ஒரு சுமையும் உண்டு. ஆபீஸ்காரனோ தூரத்து உறவோ அவள் ப்ரொஃபைலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸாப் குரூப்பில் போடுவான். அவன் எப்படி அதைப் பார்த்தான்? அவனும் அதே ஆப்பில்தான் இருந்தான். அந்தக் கேள்வியை அவனிடம் யாரும் கேட்பதில்லை.

பெண்தான் முதலில் பேச வேண்டும் என்ற விதியோடு 2014-இல் பம்பிள் என்ற ஆப் வந்தது, 2018 இறுதியில் இந்தியாவுக்கும் வந்தது. விதிகள் ஓரளவு உதவும். வீட்டில் மகனிடம் 'வேண்டாம் என்று சொன்னால் அத்தோடு விடு' என்று சொல்லி வளர்ப்பது அதைவிட உதவும்.

ஆப் வந்தால் சாதி ஒழிந்துவிடும் என்கிறார்களே?

அவ்வளவு எளிதல்ல. மேட்ரிமோனி தளங்கள் சாதியை ஒழிக்கவில்லை. சாதிவாரியாகத் தனித்தனித் தளங்களே போட்டுத் தேடலைக் கூர்மையாக்கின. டேட்டிங் ஆப்களில் பெரும்பாலும் சாதி என்ற கட்டமே கிடையாது. அது பெரிய விஷயம் என்றே நினைக்கிறேன்: நம் சமூகத்தில் இரண்டு இளைஞர்கள் சாதி தெரியாமல் பேச்சைத் தொடங்கும் இடங்கள் மிகக் குறைவு. ஆனாலும் ஊர்ப் பெயர், சாப்பாட்டுப் பழக்கம், கும்பிடும் குலசாமி, பேச்சு வழக்கு என்று நாலே கேள்வியில் அதைத் துருவிவிடுகிறவர்களும் உண்டு.

காதலிக்க ஆப் போதும். கல்யாணத்துக்கு வீடு வேண்டும். பியூ மையம் 2021-இல் வெளியிட்ட இந்திய ஆய்வில், தங்கள் சமூகப் பெண்கள் வேறு சாதியில் மணப்பதைத் தடுப்பது மிக முக்கியம் என்று 64 சதவீதம் பேர் சொன்னார்கள். 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையம் அருகே வேறு சாதிப் பெண்ணை மணந்த சங்கர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டதைப் பார்த்த மாநிலம் இது. அவரும் மனைவி கௌசல்யாவும் கல்லூரியில் சந்தித்தவர்கள். எங்கே சந்தித்தார்கள் என்பதா அங்கே கொன்றது? வீட்டில் மிரட்டல் இருந்தால் அதைக் கோபம் என்று ஒதுக்காதீர்கள். காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் பாதுகாப்புக் கேட்கலாம். சாதி மறுப்புத் தம்பதிகளுக்கு மாவட்டம்தோறும் தனிப்பிரிவு வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் உத்தரவிட்டிருக்கிறது.

தன்பாலீர்ப்பாளர்களுக்கு இது எப்படி மாறியிருக்கிறது?

அவர்களுக்கு இது கூடுதல் வசதி அல்ல, பெரும்பாலும் ஒரே வழி. தரகரும் கிடையாது, பத்திரிகை விளம்பரமும் கிடையாது. அவர்களுக்கென்றே 2009-இல் வந்த கிரைண்டர் என்ற ஆப் டிண்டருக்கும் மூத்தது. 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரும்வரை அவர்கள் உறவே குற்றமாக இருந்தது. புகார் கொடுக்கப் போனால் தாங்களே குற்றவாளி ஆகலாம். அந்தப் பயத்தை வைத்துத்தான் போலி ப்ரொஃபைலில் வரவழைத்துப் பணமும் செல்பேசியும் பறிக்கும் கும்பல்கள் பிழைத்தன. சட்டம் இப்போது அவர்கள் பக்கம். வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்ற பயம் மட்டும் அப்படியே இருக்கிறது. கும்பல்களும் அதை அறிந்திருக்கின்றன.

இப்படிச் சேர்ந்தவர்கள் கல்யாணம் நிலைக்குமா?

2013-இல் அமெரிக்காவில் 19,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த ஆய்வில், இணையத்தில் சந்தித்து மணந்தவர்களில் பிரிந்தவர்கள் ஏறத்தாழ 6 சதவீதம், நேரில் சந்தித்தவர்களில் 7.6. அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது ஒரு டேட்டிங் நிறுவனம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இவ்வளவு சிறு வித்தியாசத்தை வைத்து இணையம் உயர்ந்தது என்று நான் சொல்லமாட்டேன். ஆப்பில் பார்த்ததாலேயே உடைந்துவிடும் என்பதற்கு ஆதாரம் இல்லை, அவ்வளவுதான்.

ஏமாற்றுக்காரரை எப்படிக் கண்டுபிடிப்பது?

நேரில் பார்க்கும் முன் யார் பணம் கேட்டாலும் அவர் ஏமாற்றுக்காரர். இதற்கு விதிவிலக்கே வைக்காதீர்கள். அம்மா ஆஸ்பத்திரியில், பரிசுப் பார்சல் டெல்லி சுங்கத்தில் மாட்டிக்கொண்டது, எனக்குத் தெரிந்த கிரிப்டோ முதலீடு என்று கதை மாறும், முடிவில் யூ.பி.ஐ.க்குத்தான் வந்து நிற்கும்.

வீடியோ காலில் வர வாரக்கணக்கில் சாக்கு சொன்னாலும் ஒதுங்குங்கள். போட்டோவைக் கூகுளில் படத்தேடல் செய்து பாருங்கள். ஆதார் நகல் கேட்டால் கொடுக்க வேண்டாம். முதல் சந்திப்பு ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில், பகலில். போகவும் வரவும் சொந்த ஏற்பாடு. நம்பிக்கையான ஒருவருக்கு வாட்ஸாப்பில் லைவ் லொகேஷன். அவர் சொல்லும் ஹோட்டலுக்கே போகாமல் இடத்தை நீங்களும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். பெருநகரங்களில் ஓட்டல்காரரோடு கூட்டுச் சேர்ந்து, வந்தவர் தலையில் பல்லாயிரம் ரூபாய் பில்லைக் கட்டிவிட்டு நழுவும் மோசடி நடந்திருக்கிறது.

அந்தரங்க வீடியோவை வைத்து மிரட்டுகிறார்கள். என்ன செய்வது?

பணம் கொடுக்காதீர்கள். ஒரு முறை கொடுத்தால் கேட்பது நிற்காது. சாட், எண், யூ.பி.ஐ. முகவரி எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டுப் பிறகு பிளாக் செய்யுங்கள். பணம் போயிருந்தால் உடனே 1930-ஐ அழையுங்கள். சீக்கிரம் சொன்னால் தொகையை வங்கியில் முடக்க வாய்ப்பு உண்டு. தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதியலாம்; பெண்கள், குழந்தைகள் தொடர்பான ஆபாசப் புகார்களைப் பெயர் சொல்லாமலும் தரலாம். பெண்களுக்கு 181.

இதையெல்லாம்விட முக்கியம், அன்று இரவே வீட்டில் ஒருவரிடமாவது சொல்வது. மிரட்டுபவன் கையில் இருக்கும் ஆயுதம் வீடியோ அல்ல, 'அப்பாவுக்குத் தெரிந்துவிடும்' என்ற பயம். அப்பாவுக்கு ஏற்கெனவே தெரியும் என்றால் அவனிடம் ஒன்றுமே இல்லை. பெற்றோர்களே, இந்த நிலையில் பிள்ளை வந்து சொன்னால் திட்டுவதைத் தள்ளிவையுங்கள். அவமானத்துக்குப் பயந்து உயிரை விட்ட பிள்ளைகள் உண்டு.

கல்யாணம் செய்துகொள்வதாகச் சொல்லிப் பழகிவிட்டுக் கைவிட்டால்?

2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 69-ஆம் பிரிவு, நிறைவேற்றும் எண்ணமே இல்லாமல் திருமண வாக்குறுதி தந்தோ அடையாளத்தை மறைத்து மணந்தோ உடலுறவு கொள்வதைக் குற்றமாக்குகிறது. பத்தாண்டு வரை சிறை. நேர்மையாகப் பழகி மனம் ஒத்துவராமல் பிரிவது இதில் வராது. ஏற்கெனவே மணமானதை மறைத்துப் பழகியவர்கள் விஷயத்தில் வழக்கறிஞரைப் பாருங்கள்.

என் மகள் போனில் டேட்டிங் ஆப்பைப் பார்த்துவிட்டேன். என்ன செய்ய?

அவள் பதினெட்டு நிரம்பாதவள் என்றால் கண்டிப்பாகத் தலையிடுங்கள். அந்த வயதினருக்கு ஆப்களிலேயே அனுமதி இல்லை. பெரியவள் என்றால், முதலில் அவள் போனை நோண்டியதை ஒப்புக்கொள்ளுங்கள். போனைப் பிடுங்கினால் அவள் வேறு போனில் தொடர்வாள். வித்தியாசம், அடுத்த முறை எங்கே போகிறாள் என்று உங்களுக்குத் தெரியாது.

'யாரையாவது பார்க்கப் போனா எங்க போறேன்னு எனக்கோ உங்க அக்காவுக்கோ ஒரு மெசேஜ் போட்டுடும்மா' என்று சொல்லிப் பாருங்கள். அனுமதி கொடுத்ததாக ஆகிவிடுமோ என்று தயங்குவீர்கள். அவள் பத்திரமாக வீடு திரும்புவது அதைவிட முக்கியம் இல்லையா?

வீட்டில் எப்போது சொல்வது? எப்படிச் சொல்வது?

உங்களுக்கே உறுதியாகும் முன் கூட்டமாகச் சொல்ல வேண்டாம். உறுதியானதும், யாரோ ஒருவர் பார்த்துச் சொல்வதற்கு முன் நீங்களே சொல்லிவிடுங்கள். முதலில் அம்மா, அல்லது அம்மா மதிக்கும் சித்தி, பெரியம்மா, தாய்மாமன் யாராவது ஒருவர். எப்படிச் சந்தித்தீர்கள் என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். அங்கே பொய் சொன்னால், பின்னால் அது வெளிவரும்போது மற்றதும் பொய்யோ என்ற சந்தேகம் வரும். அவருடைய வேலை, குடும்பம், முகவரி எல்லாம் நீங்கள் சரிபார்த்த விதத்தையும் சொல்லுங்கள். பெற்றோரின் பயத்தில் பாதி 'யாரோ எவரோ' என்பதுதான். வேறு மதத்தவர் என்றால், 1954-ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டத்தின்படி முப்பது நாள் அறிவிப்பு ஒட்டப்படும் என்பதால், அதற்கு முன் பேசி முடிப்பது நல்லது.

எனக்கு 46 வயது, கணவர் இறந்துவிட்டார். ஆப்பில் சேர நினைப்பது தவறா?

தவறே இல்லை. இந்தப் பக்கத்தில் எனக்கு மிகப் பிடித்த கேள்வி இது. கணவரை இழந்தவர்களின் மறுமணத்துக்கான சட்டம் 1856-இலேயே வந்துவிட்டது. உறவுக்காரர்களின் வாய்தான் இன்னும் மூடவில்லை. உங்கள் வயதில் வரன் பார்க்கச் சொன்னால் 'இனிமே எதுக்கு' என்பார்கள், அல்லது குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடும் ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். உங்களுக்குப் பேச்சுத்துணை வேண்டுமா, திருமணம் வேண்டுமா என்பதை அவர்கள் கேட்பதில்லை. அதை நீங்களே ப்ரொஃபைலில் எழுதலாம்.

மோசடிக்காரர்கள் உங்களைப் போன்றவர்களைத்தான் முதலில் குறிவைப்பார்கள்: சொந்த வீடு, சேமிப்பு, தனிமை. எனவே மேலே பணம் பற்றிச் சொன்னது உங்களுக்கு இரட்டிப்பாகப் பொருந்தும். வளர்ந்த பிள்ளைகள் இருந்தால் அவர்களிடம் முதலிலேயே சொல்லுங்கள். ப்ரொஃபைல் எழுதவும் நல்ல போட்டோவைத் தேர்ந்தெடுக்கவும் மகளையே உட்காரவைத்துக்கொள்ளலாம்.